இருபதாவது பாவனை

மார்ச் 3, திங்கள்

இன்றும் தண்ணீர் லாரி வரவில்லை. கீழ்வீட்டுக் குழாயில் இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டு அலுவலகம் போனேன்.

காட்சி 47 என்னிடம் வந்திருக்கிறது. கணவனின் உடலுக்கு முன்னால் நாயகி அழத் தொடங்குகிறாள். அழுகை நிற்காமல் பெரிதாகிறது. வாய் திறந்துகொண்டே போய், தாடை நெஞ்சு வரை இறங்கி, முகமே ஒரு குகையாகிறது. இடையில் வெட்டு கிடையாது. பதினோரு விநாடிகள். மனுஷ முகம் எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது என்கிறார் இயக்குநர்.

எங்கள் கிராஃபிக்ஸ் பிரிவின் தலைவர் சுதர்சனம் சார் என் மேசைக்கே வந்தார். "பெர்சிஸ், இது மட்டும் உருப்படியா வந்துச்சுன்னு வையி, அடுத்த படத்துல டீம் உன்னோடது. வரலன்னா எல்லா வேலையும் மும்பைக்குப் போயிடும். நாம ஃபைட் சீன்ல ஆளத் தூக்கிக் கட்டுன கயிற ஃப்ரேம் ஃப்ரேமா அழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இருபத்து நான்காம் தேதி ஒப்படைக்க வேண்டும். மூன்று வாரம்.

மார்ச் 5, புதன்

கணினிக்குள் ஒரு முகம் என்பது நாற்பதாயிரம் புள்ளிகளால் பின்னிய வலை. அதில் நான் பிடிப்பது சில புள்ளிகளைத்தான். முகவாய், உதட்டின் இரண்டு ஓரங்கள், கன்னத்து எலும்பு. அவற்றை இழுத்தால் மற்ற புள்ளிகள் தாமாகவே, எங்கும் மடியாமல், வழுக்கிக்கொண்டு பின்னால் வர வேண்டும். சின்ன இழுப்புகளுக்கு வலை நன்றாகவே கேட்கிறது. பெரிய இழுப்பு என்று வந்துவிட்டால் அதன் மூளை வேலை செய்வதில்லை. நேராக நகரத் தெரிகிறது, சுழன்று திரும்பத் தெரியவில்லை. தாடை ஒரு சாண் இறங்கியதும் கன்னம் காலியான துணிப்பை மாதிரி உள்ளே விழுந்துவிடுகிறது. கண்ணோரத்துச் சுருக்கங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கின்றன.

சாம்பல் புதன், லெந்து தவக்காலத்தின் முதல் நாள். அம்மா தூத்துக்குடியிலிருந்து பேசினாள். கோயிலுக்குப் போனாயா என்றாள். போனேன் என்று சொன்னேன். போகவில்லை. பிறகு வழக்கமான கேள்வி: ஜெமி கூப்பிட்டாளா? இல்லை என்றேன். இது உண்மை. என் தங்கை என்னோடு பேசி ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது.

மார்ச் 6, வியாழன்

கன்னம் இன்னும் விழுகிறது. மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். திரும்பி வந்தபோது ஊசிப்போயிருந்தது.

மார்ச் 10, திங்கள்

விழவில்லை.

யோசித்துப் பார்த்தால் எளிமையானது. வலைக்குத் திரும்பத் தெரியவில்லை என்றால் திரும்பிய ஒரு முகத்தைக் காட்ட வேண்டும். உண்மையாக அழும் ஒரு முகத்தில், அமைதியிலிருந்து அழுகைக்குப் போகும்போது ஒவ்வொரு சின்ன முக்கோணமும் எவ்வளவு திரும்பியது, எவ்வளவு நீண்டது என்று கணக்கெடுத்து, அதை நாயகியின் முகத்துக்கு மாற்றிவிடலாம். பிறகு அதையே பெருக்கலாம். அழுகையை இரண்டால் பெருக்கினால் ஒப்பாரி. மூன்றால் பெருக்கினால் இயக்குநர் கேட்ட குகை.

நாயகியின் சொந்த அழுகையைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன். எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் தேதி கொடுத்திருந்தார். கிளிசரின் போட்டு அழுதிருக்கிறார். கண் மட்டும் நனைந்திருக்கிறது, கன்னம் அசையவே இல்லை. அதை மூன்றால் பெருக்கினால் தும்மப் போகிறவர் மாதிரி இருக்கிறது.

அதனால் பழைய கோப்பிலிருந்து 'சோதனை முகம் 3' என்பதை எடுத்தேன். அதில் இருபது பாவனைகள் இருக்கின்றன. இருபதாவது அழுகை. உதட்டில் மட்டும் ஒரு முப்பது ஃப்ரேமுக்கு நடுக்கம் இருந்தது. கேமராப் பதிவில் விழும் கோளாறு, நாங்கள் இரைச்சல் என்போம், அப்படித்தான் தெரியும். அதை வழித்து மிருதுவாக்கிவிட்டேன். மாலைக்குள் தாடை நெஞ்சு வரை இறங்கியது. தோல் அதன் பின்னாலேயே, ஊற்றிய மாவு போல, போனது.

சுதர்சனம் சார் மூன்று முறை பார்த்தார், நின்றுகொண்டே. பக்கத்து நாற்காலி ஃபௌசியா தோல் நிறம் பார்க்கிறவள். போன வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். யாருடைய அழுகை இது என்று கேட்டாள்.

சோதனை முகம் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

வரைவு என்று குறிப்பிட்டுத் தயாரிப்பு அலுவலகத்துக்கு அனுப்பினோம். கேஸ் சிலிண்டர் வந்தது. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 13, வியாழன்

நன்றாகத் தூங்கினேன் என்று எழுதியது சரியில்லை.

சோதனை முகம் 3 ஜெமி.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடிகர்கள் கேட்கிற நாளில் கிடைக்க மாட்டார்கள். அதனால் எங்களைப் பார்க்க யார் வந்தாலும், கணவனோ தோழியோ கூரியர்காரரோ, நாற்பத்திரண்டு கேமராக்கள் சுற்றி நிற்கும் கூண்டில் அரை மணி நேரம் உட்கார வைத்துவிடுவோம். சிரிக்கச் சொல்வோம், முறைக்கச் சொல்வோம். ஒரு தாளில் கையெழுத்து வாங்குவோம். அதில் 'சோதனைக்கு மட்டும்' என்றிருக்கும். பெயரை எடுத்துவிட்டு எண் கொடுப்போம். எண் வந்துவிட்டால் முகம் யாருடையதும் இல்லை. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம், ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று நவம்பரில் ஜெமி என்னைப் பார்க்க வந்தாள். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி செய்கிறாள். அவளையும் உட்கார வைத்தேன்.

காட்சியில் அவளுடைய மூக்கு இல்லை, முகவாய் இல்லை. அசைவு மட்டும்தான் இருக்கிறது. அசைவு யாருக்குச் சொந்தம் என்று நான் படித்த எந்தப் புத்தகமும் சொன்னதில்லை. இதைப் படித்தால் ஏதோ தத்துவக் கேள்வி போலத் தெரிகிறது. தப்பிக்கப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நல்ல வாக்கியங்கள் வருகின்றன.

மார்ச் 15, சனி

நேற்று மாலை ட்ரெய்லர் வந்திருக்கிறது. வரைவிலிருந்தே மூன்று விநாடி வெட்டிச் சேர்த்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலையில் குக்கர் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். லெந்து நாளில் படம்தான் பார்க்கக்கூடாதாம், ட்ரெய்லர் படமில்லையாம். நீ வேலை பார்த்ததாயிற்றே என்று நான்கு முறை பார்த்திருக்கிறாள்.

"ஏட்டி, அந்தப் பிள்ள அழுதது அப்படியே நம்ம ஜெமி மாதிரி இருக்கு. சின்னதுல அழப் போறதுக்கு முன்னால கீழுதட்ட இடது பக்கம் தள்ளுவால்ல, அதே மாதிரி. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு."

அடுத்த வெங்காயத்தை எடுத்துத் தோலுரித்தேன்.

"அவளுக்கும் அனுப்பியிருக்கேன். பாருட்டி, உன்ன மாதிரியே அழுதான்னு."

பார்த்தாளா என்று கேட்டேன். "ரெண்டு நீலக் கோடு விழுந்துட்டு. பதில்தான் ஒண்ணும் காணும்" என்றாள். குக்கரில் எத்தனை விசில் போயிற்று என்று தெரியவில்லை. சாதம் அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். ட்ரெய்லரை நாற்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ஜெமியிடமிருந்து ஒன்றும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

சுதர்சனம் சாரிடம் பாதி சொன்னேன். முகம் என் தங்கையுடையது, அவளிடம் கேட்கவில்லை என்ற பாதி.

கையெழுத்து இருக்கிறதா என்றார். சோதனைக்கு மட்டும் என்றேன். படத்தில் வரும் அழுகை அவளுடையது என்று யாருக்காவது தெரியுமா என்றார். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். இல்லை சார் என்றுதான் வந்தது.

"அப்புறம் என்னம்மா? அழுகைக்கெல்லாம் பட்டா போட்டுக் குடுத்திருக்காங்களா?"

நானும் சிரித்தேன். ஏழு நாள்தான் இருக்கிறது, இதை எடுத்துவிட்டால் கையில் வேறு எதுவும் இல்லை என்று விளக்கினார். அது எனக்கே தெரியும். அவர் சொல்லக் கேட்டபோது தோளிலிருந்து மூட்டை இறங்கியது போலிருந்தது. பேருந்தில் வரும் வழியெல்லாம் அந்த நிம்மதியை நினைத்துக் கூசிக்கொண்டே வந்தேன். கையில் இருந்த நாவலில் ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மறு பாதி.

அன்று ஜெமி பத்தொன்பது பாவனைகளைச் சிரிப்பும் கேலியுமாகச் செய்து முடித்தாள். அருவருப்புக்கு, அம்மா வைக்கும் பாகற்காய்க் குழம்பை நினைத்துக்கொண்டேன் என்றாள். அழுகை மட்டும் வரவில்லை. சும்மா எப்படிக்கா அழ என்று கேட்டுச் சிரித்தாள். நான் கூண்டுக்கு வெளியே திரைக்கு முன்னால் மைக்கோடு உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா போறப்ப நீ எங்கட்டி இருந்த?" என்று மைக்கில் கேட்டேன்.

அப்பா அந்த ஆகஸ்டில் இறந்தார். தூத்துக்குடியில் ஆஸ்பத்திரியில், பகல் மூன்று மணிக்கு. கூட இருந்தவள் ஜெமி. கடைசிப் பத்து நிமிடம் அவள் கட்டிலருகே இல்லை. வந்து பார்த்தது நர்ஸ். இந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. அம்மா கேட்கவில்லை, சித்திகள் கேட்கவில்லை. நான் கேட்டேன். நாற்பத்திரண்டு கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

அவள் அழுதாள். பிரமாதமான பதிவு என்று கேமரா பார்த்தவர் கட்டைவிரலைக் காட்டினார். ஜெமி எழுந்து பையை எடுத்துக்கொண்டு, நான் வாங்கி வைத்திருந்த சாப்பாட்டைத் தொடாமல் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள்.

படப்பிடிப்பில் இயக்குநர்கள் இப்படிச் செய்வதுண்டு, அது ஒரு உத்தி என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உத்திக்காக வேறு எதையாவது கேட்டிருக்கலாம்.

மார்ச் 20, வியாழன்

மதியம் மொட்டைமாடியில் நின்று ஜெமிக்கு ஃபோன் செய்தேன். இரண்டு முறை முழுவதும் அடித்து நின்றது. மூன்றாவது முறை எடுத்தாள்.

"சொல்லு."

ட்ரெய்லர் பார்த்தாயா என்றேன். பார்த்தேன் என்றாள். அதில் வருவது என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். என் மொகம் எப்படிப் போவும்னு எனக்குத் தெரியாதா?"

திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும், உனக்கு வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ நோயாளிக்குப் படி ஏறக் கற்றுக்கொடுக்கும் சத்தம். ஒன்று, இரண்டு, மெதுவா.

"அதுக்குத்தான் கூப்பிட்டியா? ஒன்றர வருசம் கழிச்சு, பெர்மிசன் கேக்கவா?"

அந்தப் பக்கம் படி எண்ணும் சத்தம் நின்றது. 

"சனிக்கிழம வாரேன். முழுசாக் காட்டு. பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

வீட்டைக் கூட்டினேன். பாயை உதறினேன். சுதர்சனம் சாரிடம் நாளை என் தங்கை வருகிறாள் என்று மட்டும் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

மார்ச் 22, சனி

ஜெமி காலை ரயிலில் வந்து நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருக்கிறாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமே என்றேன். முதலில் பார்த்துவிடுகிறேன் என்றாள்.

காட்சியைப் போட்டேன். பதினோரு விநாடி.

"வாய்க்குள்ள பஸ்ஸ விடலாம் போல இருக்கு" என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. நாயகி வேண்டாம், என்னைக் காட்டு என்றாள்.

வலையை மட்டும் திறந்தேன். முடி இல்லாத, நிறம் இல்லாத, சாம்பல் நிற ஜெமி. பக்கத்தில் உயிருள்ள ஜெமி. சாம்பல் முகம் அமைதியாக இருந்தது. பிறகு புருவம் நடுவில் ஏறியது, கீழுதடு இடது பக்கம் நகர்ந்தது, கன்னம் திரண்டது. இரண்டு வாரமாக முக்கோணம் முக்கோணமாக நான் பார்த்த அசைவு. இன்று பார்க்க முடியவில்லை.

திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன்.

"இது இல்ல. இதுல ஒதடு சும்மா இருக்கு."

கொஞ்சம் இரைச்சல் இருந்தது, அதை வழித்துவிட்டேன் என்றேன். எங்கே, அதைக் காட்டு என்றாள். முதலில் பதிவான கோப்பைத் தேடித் திறந்தேன். அந்த முப்பது ஃப்ரேமில் உதடுகள் நடுங்கின. மூடின, திறந்தன, நாக்கு நுனி ஒரு முறை மேல்பல்லைத் தொட்டது. இரைச்சலுக்கு நாக்கு இருக்காது. ஒரு வலையை நாற்பதாயிரம் புள்ளி வரை அறிந்த நான் அதைக் கவனிக்கவில்லை.

"நான் பேசுதேன் அதுல" என்றாள் ஜெமி.

"கொரல் வரலியே."

"வரல. ஆனா சொன்னேன். நீ ஸ்க்ரீனப் பாத்துட்டு இருந்த."

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"அப்பாதான் டீ கேட்டாங்கன்னு சொன்னேன்."

பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவான குரலில் சொன்னாள். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா இரண்டு நாளாக ஒரு வாய் டீ கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள்தான், கொடுக்கக் கூடாது என்பது தெரியும். அன்று அவர் கையைப் பிடித்துக் கேட்டதும் கீழே கேன்டீனுக்குப் போய்விட்டாள். அரை கிளாஸ் வாங்கிக்கொண்டு ஏறி வந்தபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். யாரும் பார்ப்பதற்குள் டீயை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டாள். எங்கே போனாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. என்னிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாள், அந்தக் கூண்டுக்குள். நான் அதை வழித்துவிட்டேன்.

"அம்மாட்ட சொல்லிராத" என்றாள்.

சொல்ல மாட்டேன் என்றேன். அப்பா இறந்த அன்று நான் எங்கே இருந்தேன் என்பதை இந்த நோட்டில் இதுவரை எழுதவில்லை. இதே நாற்காலியில் இருந்தேன். முந்தின நாள் ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். ஒரு காட்சியை ஒப்படைக்க வேண்டியிருந்ததால் ஒரு நாள் தள்ளி மாற்றினேன். மழையில் ஒரு குடை திரும்பிக்கொள்ளும் காட்சி. பிறகு அதைப் படத்திலிருந்தே வெட்டிவிட்டார்கள். எங்கே இருந்தாய் என்ற கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டிய ஆள் நான். அவளைக் கேட்டுவிட்டால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜெமியிடம் இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை. டிக்கெட்டை மாற்றினேன் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"தெரியும்க்கா. நீ அப்பாட்ட சொல்லும்போது ஃபோன ஸ்பீக்கர்ல போட்டுப் பிடிச்சிருந்தது நான்தான." நிறுத்திவிட்டுச் சொன்னாள். "வேலைய முடிச்சிட்டு வரட்டும்னுதான் சொன்னாங்க. கோவமெல்லாம் இல்ல."

அவள் அக்கா என்று சொன்னது எனக்குச் சற்றுப் பிந்தித்தான் உறைத்தது.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எடுத்துரு. அந்த ஹீரோயின் வாயில அது வேண்டாம்."

சுதர்சனம் சாரைக் கூப்பிட்டேன். இருபதாவதை நீக்குகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், ஜெமியைப் பார்த்தார், திரையிலிருந்த சாம்பல் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் தங்கைகள் இருக்கிறார்கள்.

"வேற வழி ஏதாவது வச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"அப்ப அந்த டீம் விஷயம் முடிஞ்சுது. புரியுதா?"

"புரியுது சார்."

ஜெமிக்கு முன்னால் கோப்பை அழித்தேன். மற்ற பத்தொன்பதும் இருக்கட்டும் என்றாள். பாகற்காய் மூஞ்சியை வேண்டுமானால் உங்கள் பூதத்துக்கு வைத்துக்கொள் என்றாள்.

மார்ச் 24, திங்கள்

ஒப்படைத்தோம். பழைய முறையிலேயே தாடையை இறக்கி, விழுந்த கன்னத்தை முடியாலும் இருட்டாலும் மறைத்தேன். ஃபௌசியா மதியம் சாப்பிடாமல் எனக்காக நிழல் தீட்டினாள். இயக்குநர் பார்த்துவிட்டு, "முன்ன பாத்தப்ப பயமா இருந்துச்சு. இப்ப வாய்தான் பெருசாத் தொறக்குது" என்றார். சுதர்சனம் சார் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நேரம் போதவில்லை என்று சொன்னார். அடுத்த படத்தின் டீம் மும்பையிலிருந்து வரும் ஒருவருக்கு. எனக்குக் கயிறு அழிக்கும் வேலை.

ஏப்ரல் 26, சனி

படம் வந்துவிட்டது. அம்மா சித்தியோடு போய்ப் பார்த்துவிட்டு, தியேட்டர் வாசலிலிருந்தே கூப்பிட்டாள். என் பெயர் ஓடியபோது சித்தி கைதட்டினாளாம். பிறகு கேட்டாள்.

"ட்ரெய்லர்ல நம்ம ஜெமி மாதிரி அழுதால்ல, அது படத்துல இல்லியே. ஏன் எடுத்துட்டிய?"

"அது ஜெமியோடதும்மா. அவ கேட்டா. குடுத்துட்டேன்."

ஆட்டோக்காரர்கள் கூப்பிடும் சத்தம் நடுவில் வந்துகொண்டிருந்தது. அம்மா சித்தியை முன்னால் போகச் சொல்வது கேட்டது.

"அவ ஏன்ட்டி அப்படி அழுதா?"

"நான்தான் அழ வச்சேன்" என்றேன்.

அதன் பிறகு அம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். டீயைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.